கோப்பில் இல்லாத ஒருவன்

அரச கந்தோர் ஒன்றில் நீண்ட காலம் இலிகிதராக இருந்தவன் நான். நியமனக் கோப்புகள் பல என் மேசையைத் தாண்டித்தான் போயின. ஒருமுறை பொய்யான வதிவிடச் சான்றிதழ் ஒன்று பிடிபட்டது. சேவையில் ஏழு வருடங்களைக் கழித்திருந்த அந்த மனிதர் என் முன்னால் நின்று அழுதார். பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். விட்டுவிடலாமே என்று மேலதிகாரியிடம் நானே பரிந்து பேசினேன். அவரால் இடம் கிடைக்காமல் போன இன்னொருவனின் பெயர் அந்தக் கோப்பில் எங்குமே இல்லை என்பது வெகுநாட்களுக்குப் பின்னர்தான் எனக்கு உறைத்தது.

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து வழக்குகள் சிலவற்றை வாசித்தபோது அந்த அழுகை மீண்டும் நினைவுக்கு வந்தது. ஆதிவாசிகளுக்கென ஒதுக்கப்பட்ட அரச உத்தியோகங்களையும் மருத்துவக் கல்லூரி இடங்களையும் ஆதிவாசிகள் அல்லாதோர் பெற்றுவிட்டார்கள் என்பதே அவ்வழக்குகளின் சாரம்.

வெறும் களவு என்றால் எழுத ஒன்றுமில்லை. இங்கு பெயர்கள்தான் சிக்கல். ஜனாதிபதியின் 1950ஆம் ஆண்டுக் கட்டளைப் பட்டியலில் உள்ளவர்களே சட்டப்படி பழங்குடியினர். அங்கே 'ஹல்பா' உண்டு. விதர்ப்பப் பகுதியின் நெசவாளர் சமூகமான ஹல்பா கோஷ்டி இல்லை. 'கோலி மகாதேவ்' உண்டு. வெறும் கோலி இல்லை. பெரும்பாலும் குறிப்பிட்ட பிரதேசங்களுக்குள் வாழ்வோருக்கே இருந்த அந்தத் தகுதி, 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. நியாயமான திருத்தம்தான். ஆனால் பெயர் ஒத்துப்போன பலருக்கும் அது கதவைத் திறந்துவிட்டது. கோஷ்டிகளில் பலர் தாங்கள் தறிக்கு வந்த ஹல்பாக்களே என்று மெய்யாகவே நம்பினார்கள்.

1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் ஒரு விசாரணை முறையை வகுத்தது. சான்றிதழ்களை ஆராயக் குழு. அதற்குத் துணையாக ஊருக்கே போய் விசாரிக்கும் பிரிவு. தகப்பனின் பாடசாலைப் பதிவேட்டில் சாதி என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பார்கள். அத்துடன் குலதெய்வம் எது, திருமணச் சடங்கு எப்படி, மையித்தை எப்படி அடக்குவீர்கள் என்றும் கேட்பார்கள்.

இந்த இரண்டாவது வகைக் கேள்விகள்தான் என்னைத் தொந்தரவு செய்கின்றன. இரண்டு தலைமுறைக்கு முன் நகரத்துக்கு வந்துவிட்ட மெய்யான ஆதிவாசிக்குப் பாட்டனாரின் சடங்கு தெரியாமலிருக்கலாம். புத்தகம் படித்து மனனஞ்செய்த பொய்யன் சரியாகப் பதில் சொல்லிவிடுவான். நம்மவர்க்கும் இப்படி அளக்கப்பட்ட அனுபவம் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நமது மொழியையும் வழக்கங்களையும் தோற்றத்தையும் எடுத்துக்காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். வெளியாள் ஒருவர் அளவுகோலுடன் வந்து நீ யாரென்று சொல்லும்போது உண்டாகும் கூச்சத்தை நாம் அறிவோம். 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், சடங்கு சார்ந்த இச்சோதனையை இறுதி உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று சொன்னது ஆறுதல்.

இனி கடினமான இடம். மெய்யென்று நம்பிச் சான்றிதழ் கொடுத்தவனை என்ன செய்வது? 1985இல் ஹல்பா என்று சொல்லி மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஒருவரின் வழக்கு 2000இல்தான் முடிந்தது. கோரிக்கை தவறு என்றது நீதிமன்றம்; ஆயினும் பட்டத்தை வைத்துக்கொள்ள விட்டது. அந்த இரக்கத்தைப் பற்றிக்கொண்டு, ஏமாற்றும் நோக்கமில்லாதவரின் உத்தியோகத்தைப் பாதுகாக்கலாம் என 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. நோக்கம் இருந்ததா என்பது தண்டிப்பதற்குத்தான் தேவை. உரிமையில்லாததைத் திருப்பி எடுப்பதற்குத் தேவையில்லை என்றது.

முதலில் கொடுமையாகப் பட்டது. பிறகு எங்கள் பக்கத்து மாட்டு வியாபாரம் ஞாபகம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய மாட்டில் வேறொருவரின் குறி இருப்பது பின்னர் தெரியவந்தால், வாங்கியவருக்குப் பாவமில்லை. மாடு மட்டும் உரியவரிடம் போகவேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

உத்தியோகம் மாடல்ல என்பதும் உண்மை. மாடு உரியவனிடமே திரும்பிப் போகும். இருபது வருடங்கள் கழித்துப் பறிக்கப்படும் நாற்காலி, அன்று அதை இழந்த ஆதிவாசி இளைஞனுக்குப் போகாது. அவனுக்கு வயதெல்லை எப்போதோ கடந்துபோயிருக்கும். அவனுடைய பிள்ளைக்கோ ஊர்க்காரனுக்கோ போகலாம். அதனால்தான் நான் தீர்ப்பின் பக்கம் நிற்கிறேன், மனநிம்மதியோடு அல்ல. 2019 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு, உரிமை செல்லாமல் போனவர்களைப் பதினொரு மாதத் தற்காலிக மேலதிகப் பதவிகளுக்கு மாற்றி, ஒதுக்கப்பட்ட இடங்களை விடுவிக்க முடிவுசெய்தது. பாதி நல்ல ஏற்பாடு. இரக்கத்தின் செலவை முதன்முறையாக அரசாங்கமே ஏற்றது.

ஆனால் 1985க்கும் 2000க்கும் இடையில் என்ன நடந்தது? பாடசாலைப் பதிவேட்டைத் திறந்து பார்க்க ஒரு இலிகிதருக்கு எத்தனை நாள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் மேசையிலும் அந்த வதிவிடச் சான்றிதழ் ஏழு வருடங்களாகக் கிடந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.