தண்ணீரும் தராசும்

தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது தர்மங்களிலெல்லாம் எளிய தர்மம். பள்ளிவாசலில் ஹவுள் கட்டி வைத்தவரும், கடை வாசலில் பானை வைத்தவரும் நன்மையை நாடியே வைத்தார்கள். உளூவுக்கும் குளிப்புக்கும், கடைசியில் மையித்தைக் குளிப்பாட்டுவதற்கும் நாம் தேடுவது அந்தத் தண்ணீரைத்தான். அதே தண்ணீரைக் கொண்டு ஒரு மனிதனின் மூச்சை அடைத்து, அவன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கும் வழக்கமும் உலகத்தில் இருந்து வருகிறது. அது சித்திரவதையா, அல்லது விசாரணையில் சற்றுக் கடுமையான ஒரு முறை மட்டுந்தானா என்று சட்டம் படித்த பெரியோர்களே வாதம் செய்திருக்கிறார்கள். கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இந்த வாதத்தில் என்ன வேலை என்று சகோதரர்கள் கேட்கலாம். வேலை உண்டு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்கை எத்தகையது என்று பார்ப்போம். ஒருவனைப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கைகால்களைக் கட்டுகிறார்கள். தலைப்பக்கம் தாழ்ந்தும் கால்பக்கம் உயர்ந்தும் இருக்கும். முகத்தின் மேல் துணியைப் போட்டு, மூக்கும் வாயும் இருக்கும் இடத்தில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நனைந்த துணி முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சை இழுத்தால் காற்று வருவதில்லை, தண்ணீர் வருகிறது. தொண்டை தானாக அடைத்துக்கொள்கிறது. குமட்டுகிறது. உடம்பு துள்ளுகிறது. "இவர்கள் என்னைக் கொல்ல மாட்டார்கள்" என்று அறிவு சொன்னாலும் உடம்பு அதைக் கேட்பதில்லை. இதை "மூழ்குவது போன்ற பாவனை" என்று சிலர் எழுதுகிறார்கள். பாவனை என்பது நாடகக் கொட்டகையில் நடப்பது. இங்கே மூச்சு நிற்பது நிஜம்.

கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்ற எழுத்தாளர், ஈராக் யுத்தத்தை ஆதரித்து எழுதியவர், 2008ஆம் வருஷம் இதைத் தம் உடம்பிலேயே பரீட்சை செய்து பார்த்தார். செய்தவர்கள் அவர் ஏற்பாடு செய்துகொண்ட ஆட்கள். கையிலிருக்கும் இரும்புத் துண்டைக் கீழே போட்டால் உடனே நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு பாதுகாப்பு இருந்தும் சில விநாடிகளுக்குள் அதைப் போட்டுவிட்டார். பிறகு, இது சித்திரவதைதான் என்று பகிரங்கமாக எழுதினார். இரும்புத் துண்டு கையில் இல்லாதவன் கதி என்ன என்பதை நாம் யூகித்துக்கொள்ளலாம்.

இந்த விஷயம் மலாயா மண்ணுக்குப் புதிதன்று. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை முறிந்தது. சில நாட்களில் கெடா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. அதன் பிறகு மூன்றரை வருஷ காலம் "கெம்பித்தாய்" என்னும் இராணுவப் போலீஸின் பெயரைக் கேட்டாலே மலாயா முழுவதும் ஜனங்கள் நடுங்கினார்கள். பேராவில் பாப்பான் என்ற சிற்றூரில் வைத்திய உதவி செய்துவந்த சிபில் கார்த்திகேசு அம்மையாரை 1943இல் பிடித்தார்கள். காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு மருந்து கொடுத்ததும், ஒளித்து வைத்து ரேடியோ கேட்டதும் அவர் மேல் சாட்டிய குற்றம். அவர் பட்ட வதைகளில் தண்ணீர் வதையும் ஒன்று. அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. உடம்பு தேறாமலே 1948இல் காலமானார்.

சிங்கப்பூரில் நடந்தது இன்னும் யோசிக்கத் தக்கது. 1943 செப்டம்பர் கடைசியில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெடித்தன. உள்ளூரார் துணையில்லாமல் இது நடந்திருக்காது என்று கெம்பித்தாய் முடிவு கட்டிவிட்டது. அக்டோபர் 10ஆம் தேதி முதல் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தவர்களும் ஊர்வாசிகளுமாக 57 பேரைப் பிடித்து வதைத்தது. 15 பேர் மாண்டார்கள். உண்மையில் கப்பல்களைத் தகர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து "கிரைட்" என்ற சிறு படகில் வந்து திரும்பிய கமாண்டோ வீரர்கள். பிடிபட்ட 57 பேருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. தெரியாத ஒன்றைச் சொல்லச் சொல்லி அவர்களைக் கொன்றார்கள். 1946இல் இதற்காக 21 பேர் மீது சிங்கப்பூரில் விசாரணை நடந்து, 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1948 நவம்பரில் டோக்கியோவில் 11 நாட்டு நீதிபதிகள் கூடிய மன்றம் அளித்த தீர்ப்பில் இந்தத் தண்ணீர் முறையைச் சித்திரவதை என்றே குறித்து, அது நடந்த இடங்களில் சிங்கப்பூரையும் அந்தமானின் போர்ட் பிளேரையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த 11 நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. அமெரிக்காவிலேயே டெக்ஸாஸில் ஒரு ஷெரீப், கைதிகளைத் தண்ணீரால் மூச்சடைக்கச் செய்து வாக்குமூலம் வாங்கியதற்காக 1983இல் தண்டிக்கப்பட்டிருக்கிறார்.

நிற்க. 2001 செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். அது பெரும் பாதகம்; அதில் நமக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அதற்குப் பின் அந்நாட்டு அரசின் சட்ட அலுவலர்கள் 2002 ஆகஸ்டில் ஓர் அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தார்கள். உடம்பு வலி என்றால் உறுப்புக் கெடும் அளவுக்கு இருக்க வேண்டும், மன வேதனை என்றால் நெடுநாள் நீடிக்க வேண்டும், அப்போதுதான் சித்திரவதையாகும் என்பது அதன் சாரம். அதைக் கைக்கொண்டு சி.ஐ.ஏ. ஸ்தாபனம் அபூ ஸுபைதா என்ற கைதிக்கு அந்த ஆகஸ்டிலேயே 83 தடவையும், காலித் ஷேக் முகம்மதுக்கு 2003 மார்ச்சில் 183 தடவையும் தண்ணீர் ஊற்றியது. அதற்கு "மேம்படுத்திய விசாரணை முறை" என்று பெயரும் வைத்தது.

ஜப்பானியன் செய்தபோது குற்றம். தான் செய்தபோது முறை. வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு ஒரு படியும் வைத்திருக்கும் வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோம்? அளவில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று எச்சரிக்க அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் ஒரு சூராவையே இறக்கியிருக்கிறான். அந்த எச்சரிக்கை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் என்று நினைப்பது தவறு. நியாயத்தையும் தராசில்தான் நிறுக்கிறோம்.

அந்தப் பக்கத்து வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். உடம்பில் தழும்பு விழுவதில்லை என்பது ஒன்று. தழும்பில்லாதது செய்தவனுக்குத்தான் சௌகரியம். பட்டவனுக்கு அதனால் வேதனை குறையவில்லை, சாட்சிதான் குறைந்தது. தங்கள் சொந்தச் சிப்பாய்களுக்கே பயிற்சியில் இதைச் செய்கிறோம் என்பது இரண்டாவது. பயிற்சியில் செய்பவன் சிநேகிதன். நிறுத்துவான் என்ற நிச்சயம் உண்டு. நானாகக் கொடுத்த பத்து வெள்ளியும் கத்தியைக் காட்டிப் பிடுங்கிய பத்து வெள்ளியும் நோட்டில் ஒன்றுதான். ஆனால் முன்னதற்கு ஹதியா என்று பெயர், பின்னதற்குக் கொள்ளை என்று பெயர்.

மூன்றாவது வாதமே பலமானது. ஊரில் குண்டு வைத்திருக்கிறான், அவனைப் பேச வைத்தால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள், அப்போதும் கூடாதா என்கிறார்கள். இந்தக் கேள்வி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது. பிடிபட்டவன்தான் குற்றவாளி, அவனுக்குப் பதில் தெரியும், அவன் சொல்வது உண்மையாக இருக்கும் என்ற மூன்றையும் நாம் முன்னதாகவே அறிந்திருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் கெம்பித்தாயும் அப்படித்தான் நிச்சயமாக நம்பியது. இப்னு ஷேக் அல் லீபி என்பவரை எகிப்தில் அடித்துச் சிறு பெட்டியில் அடைத்தபோது, ஈராக் அரசு அல் காயிதாவுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று சொன்னார். அந்தச் சொல்லை 2003 பிப்ரவரியில் ஐக்கிய நாட்டுச் சபையில் அமெரிக்க மந்திரி யுத்தத்துக்குக் காரணம் காட்டினார். மறு வருஷம் அவரே, வதை தாளாமல் சொன்ன பொய் என்று மறுத்துவிட்டார். ஆயிரம் பேரைக் காப்பாற்றும் என்று சொல்லப்பட்ட முறை, அந்த யுத்தத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் சாவதற்கு ஒரு சாட்சியாக நின்றது. 2014 டிசம்பரில் அமெரிக்க செனட் சபைக் குழு வெளியிட்ட அறிக்கையும் இம்முறைகளால் பயனில்லை என்றே முடிவு கூறிற்று, சி.ஐ.ஏ. அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2009இல் ஜனாதிபதி உத்தரவாலும் 2015இல் சட்டத்தாலும் அந்நாடு இவற்றைத் தடுத்தது.

இனி நம் மார்க்கத்தைப் பார்ப்போம். மக்கத்துக் குறைஷியர் யாஸிர் (ரலி) குடும்பத்தாரை வதைத்ததும், ஸுமைய்யா (ரலி) அம்மையார் ஷஹீதானதும் நாம் சிறு வயதில் மதரஸாவில் கேட்ட சரித்திரம். அவர்கள் மகன் அம்மார் (ரலி) அவர்களைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஈமானுக்கு விரோதமான வார்த்தையைச் சொல்ல வைத்ததாக இப்னு ஸஅது அவர்களின் கிதாபில் வருகிறது. அழுதுகொண்டு வந்த அம்மாரின் கண்ணீரை நாயகம் (ஸல்) அவர்கள் துடைத்து, மறுபடியும் அப்படி நிர்ப்பந்தித்தால் மறுபடியும் அப்படியே சொல்லிவிடும்படி கூறினார்கள். உள்ளம் ஈமானில் நிலைத்திருக்க, நிர்ப்பந்தத்தால் நாக்கு சொன்னதற்குக் குற்றமில்லை என்று ஸூரத்துன் நஹ்லின் 106ஆவது ஆயத்து நமக்கு அறிவிக்கிறது. ஈமான் விஷயத்திலேயே மூச்சுத் திணறுகிறவன் சொன்ன வார்த்தை அவனுடைய வார்த்தையாகாது என்றால், திருட்டு வழக்கிலும் கொலை வழக்கிலும் அது எப்படி அவனுடைய வார்த்தையாகும்?

ஷாம் தேசத்தில் வரி பாக்கிக்காக ஏழைக் குடியானவர்களை வெயிலில் நிறுத்தித் தலையில் எண்ணெய் ஊற்றியிருந்ததை ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) கண்டார்கள். உலகில் மனிதரை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டதாக அதிகாரியிடம் எடுத்துரைத்து, அவர்களை விடுவிக்கச் செய்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. வதைத்தவர்கள் முஸ்லிம் அரசின் ஆட்கள். வதைபட்டவர்கள் வேற்று மதத்தார். ஸஹாபி தராசைச் சாய்க்கவில்லை. வரிக்காக வெயிலில் நிறுத்தும் அதே கொடுமை நம் முன்னோர் ஊர்களிலும் நடந்தது. மதராஸ் ராஜதானியில் கிட்டி போடுதல், அண்ணாந்தாள் முதலியவற்றோடு அதையும் 1855இல் ஒரு விசாரணைக் கமிஷன் பதிந்து வைத்திருக்கிறது.

இப்போது நம் கடைக்கு வருகிறேன். கல்லாவில் பணம் குறைகிறது. சந்தேகம் ஊரிலிருந்து வந்த பையன் மேல் விழுகிறது. பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில், சம்பளம் பாக்கியில். கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டில் நாலு பேர் சூழ்ந்து நின்று, ஒப்புக்கொள்ளும்வரை அறைவதும், சாப்பாடு கொடுக்காமல் உட்கார வைப்பதும் அங்கங்கே நடக்கும் சங்கதி. அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது நம் இரத்தம் கொதிக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது, "திருடனை வேறு என்ன செய்வது?" என்கிறோம்.

திருட்டுச் சந்தேகம் உள்ளவனை அடித்து விசாரிக்கலாமா என்ற இதே மஸ்அலாவை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் முஸ்தஸ்ஃபா என்ற கிதாபில் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஜனங்களின் பொருளைக் காக்க அடிக்கலாம் என்ற அபிப்பிராயமும் உண்டு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் பக்கத்தது. ஆனால் அடிபடுகிறவனுக்கும் ஒரு நலன் இருக்கிறதே, அவன் நிரபராதியாக இருக்கலாமே என்று சொல்லி, குற்றவாளியை அடிக்காமல் விடுவது நிரபராதியை அடிப்பதைவிட இலேசானது என்று முடிக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய தீர்ப்பு இது. 2002இல் சட்டம் படித்தவர்கள் தடுமாறிய இடத்தில் கஸ்ஸாலி இமாம் தடுமாறவில்லை.

அப்படியானால் முதலாளி நஷ்டப்பட வேண்டுமா? இல்லை. குற்றம் சாட்டுகிறவன் சாட்சி கொண்டுவர வேண்டும், மறுக்கிறவன் சத்தியம் செய்ய வேண்டும் என்று மார்க்கம் வழி காட்டியிருக்கிறது. கணக்கைப் பார்க்கலாம், சரக்கை எண்ணலாம், இரண்டு பேர் முன்னிலையில் கேட்கலாம். சாட்சியிருந்தால் போலீஸில் எழுதி வைக்கலாம். நம்பிக்கை போய்விட்டதென்றால் வேலை செய்த நாளுக்குச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்து, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பலாம். இந்நாட்டின் 1950ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், அதிகாரமுள்ளவர் மிரட்டி வாங்கிய ஒப்புதலைக் குற்ற வழக்கில் ஏற்பதில்லை.

நாமும் ஒருநாள் அந்தப் பக்கம் நிற்க நேரலாம் என்பதை மறக்க வேண்டாம். 2020 ஜூனில் தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். அங்கே பட்ட அடியில் ஒரு வாரத்துக்குள் தகப்பனும் மகனும் மாண்டார்கள். அவர்கள் கைபேசிக் கடை வைத்திருந்த நம்மைப் போன்ற வியாபாரிகள். குண்டு வைத்தவர்களல்லர்.

பகைவனுக்கும் நமக்கும், முதலாளிக்கும் சிப்பந்திக்கும், முஸ்லிமுக்கும் மற்றவருக்கும் ஒரே படிக்கல்லைப் போட்டு நிறுக்கும் மனத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.