என் வீடும் என் வயலும் எங்கே?

இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். அது வேறு யாருடையதும் அல்ல, என்னுடையது.

சில வருஷங்களுக்கு முன்னே, நம்முடைய ஜெபக்குழுவுக்கு வருகிற ஒரு ஆத்தா, தன் பேரில் இருந்த வீட்டையும் ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காட்டையும் மகன் பேருக்கு எழுதி வைத்தார்கள். மகன் என் முன்னாலேயே, "கடைசி மட்டும் நான் கஞ்சி ஊத்தறேன், பாஸ்டரே சாட்சி" என்றார். பத்திரத்துக்கும் நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அதைப் படிக்கவில்லை. எழுத்தர் விரல் வைத்துக் காட்டின இடத்தில் போட்டேன், அவ்வளவுதான். ஆத்தா கைரேகை வைக்குமுன் என் முகத்தைப் பார்த்தார்கள். "வைக்கட்டுமா கண்ணு?" என்றார்கள். "பயப்படாம வைங்க ஆத்தா, கர்த்தர் பாத்துக்குவார்" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஜெபிக்கப் போனபோது அவர்கள் மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்தார்கள். தட்டில் பழைய சோறு காய்ந்து கிடந்தது. மகன் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "நீ சொன்னயேன்னுதான் கண்ணு வச்சேன்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்திர நகலை வாங்கிப் படித்தேன். கஞ்சி ஊத்துவேன் என்ற வார்த்தை அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

தேவபிள்ளையே, 2 இராஜாக்கள் 8-ம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை வாசித்துப் பார். பஞ்சத்துக்குத் தப்பி ஏழு வருஷம் வெளியூரில் இருந்த சூனேமியாள் திரும்பி வருகிறாள். வீடும் வயலும் அவள் கையில் இல்லை. ராஜாவிடம் போய் முறையிடுகிறாள். அந்த நேரம் அங்கே கேயாசி நிற்கிறான். பணத்தாசையால் தண்டிக்கப்பட்ட அதே கேயாசிதான். ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறந்து, அந்த ஸ்திரீ இவள்தான் என்று சாட்சி சொன்னான். ராஜா நிலத்தை மட்டுமல்ல, அவள் போன நாள் முதல் விளைந்த பலனையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னான். கர்த்தர் என் இருதயத்தில் கேட்டார்: "கையெழுத்துப் போட்ட நீ, இப்போது வாய் திறப்பாயா?"

நம் தேசத்தின் சட்டத்திலும் அப்படி ஒரு வாசல் உண்டு. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23-ம் பிரிவை அறிந்துகொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயதைக் கடந்தவர் எழுதிக்கொடுத்த பிறகு, வாங்கினவர் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவருக்காக, அவர் அனுமதித்த வேறொருவரும் கொடுக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019-ல் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். மகன் கவனிக்கவில்லை. 2025 ஜனவரி 2-ந்தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தானத்தை ரத்து செய்து, சொத்தைத் தாயிடமே ஒப்படைக்கச் சொன்னது. நம் நாகப்பட்டினத்தில் 87 வயதான ஒரு அம்மா, மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் கைவிட்டபோது கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்பினால் எழுதிக் கொடுத்ததே ஒரு நிபந்தனைதான் என்று எடுத்துக்கொண்டது. ஆனாலும், நிபந்தனை எழுத்தில் இல்லை என்று தோற்றுப்போனவர்களும் உண்டு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. ஆகவே வாய்வாக்கை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

பெரியவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். உயில் எழுதினால் உயிருள்ளவரை சொத்து உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தான செட்டில்மெண்ட் பதிவான அன்றே கை மாறிவிடும். பவர் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் எழுதியிருந்தால், உங்களுக்குத் தெரியாமலே விற்க முடியும். எதுவானாலும் நீங்கள் நம்புகிற இன்னொருவரை வைத்துச் சத்தமாகப் படிக்கக் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு, காசில்லாமல் பேசலாம்.

பிள்ளைகளே, மாற்கு 7-ம் அதிகாரத்தில் ஆண்டவர் யாரைக் கண்டித்தார்? தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி, பக்தியின் பேரில் தப்பிக்கிறவர்களைத்தான். ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடிவிட்டு, வீட்டில் அம்மாவைத் திண்ணையில் விட்டால் அந்த ஆராதனை எங்கே போய்ச் சேரும்?

ஊழியக்காரர்களாகிய நமக்கும் எச்சரிப்பு உண்டு. நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி ஆண்டவர் மாற்கு 12:40-ல் பேசியிருக்கிறார். தனியாக இருக்கிற முதியவர் சபைக்கு இடம் எழுதித் தருகிறேன் என்றால், முதலில் அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவேன். படிக்காத பத்திரத்தில் இனி சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்களும் போடாதீர்கள்.

ஆத்தாவின் மனு இப்போது விசாரணையில் இருக்கிறது. நானே கூட்டிக்கொண்டு போய், கஞ்சி ஊத்துவேன் என்று அந்த மகன் சொன்னதற்கு நானே சாட்சி என்று எழுதிக் கொடுத்தேன். "குடும்ப விஷயத்தில் பாஸ்டருக்கு என்ன வேலை?" என்று சபையில் சிலர் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. மகனும் ஒரு காலத்தில் நம்மோடு முழங்கால் போட்டவர்தான். ஆத்தா இன்னமும் தினமும் முதலாவது அவருக்காகத்தான் ஜெபிக்கிறார்கள். தீர்ப்பு வருமுன்னே அவர் மனந்திரும்பி வந்து அம்மாவை வீட்டுக்குள் அழைத்துப் போக வேண்டும் என்று நீங்களும் ஜெபியுங்கள்.

சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை ஒரு சீஷன் கையில் ஒப்படைத்த ஆண்டவர், நம் வீட்டுப் பெரியவர்களைக் கண்ணீரில்லாமல் காப்பாராக. ஆமென். அல்லேலூயா!