பொடி எழுத்தும் பொது நீதியும்

கொடுப்பேன் என்று கூறும் வரி கொட்டை எழுத்தில்; கொடுக்கமாட்டேன் என்று கூறும் வரி கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில்! விபத்துக்கும் நோய்க்கும் காப்பு அளிப்பதாகக் கூறிய பத்திரங்கள் பல, ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தன. தவணை தவறாமல் பணம் கட்டியவன் கால் முறிந்து கட்டிலில் கிடக்கும்போதுதான் அந்தப் பொடி எழுத்து வாய் திறக்கும். "கையொப்பம் இட்டாயே, படிக்கவில்லையா?" என்று கேட்கும்.

கையொப்பம் இட்டதனாலேயே ஒருவன் மனமார ஒப்பியவன் ஆகிவிடுவானா?

ஆகிவிடுவான் என்பர், ஒப்பந்த உரிமை பேசுவோர். இருவர் மனமொத்துச் செய்துகொண்ட உடன்பாட்டில் அரசுக்கு என்ன வேலை என்றும் கேட்பர். மனமொத்து! ஒருபுறம், வழக்கறிஞரையும் மருத்துவரையும் கணக்கரையும் அமர்த்தி வாசகம் ஆக்கிய கம்பெனி. மறுபுறம், அதில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாத உழைப்பாளி. ஒரு தட்டில் மலை, மறு தட்டில் மண்ணாங்கட்டி. இதற்குச் சமநிலை என்றா பெயர்?

முதலாளித்துவத்தின் கோட்டை எனப்படும் அமெரிக்காவே இதை ஏற்கவில்லை. காப்பீட்டைக் கண்காணிக்கும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டு வைத்தது, அங்கு 1945-ல் இயற்றப்பட்ட மெக்காரன்–பெர்குசன் சட்டம். மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம், விபத்து, நோய்க் காப்பீட்டுப் பத்திரங்களுக்கென 1950-ல் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. மாநிலங்கள் பலவும் அதைத் தழுவின. அச்செழுத்து 10 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. எந்தப் பகுதியும் அளவு மீறி எடுப்பாகத் தெரியக் கூடாது. விலக்குகளை, அவை குறைக்கின்ற பலனுக்கு அருகிலோ, தனித் தலைப்பின் கீழோ அச்சிட வேண்டும் என்றது அச்சட்டம்.

எழுத்தையா அரசு அளப்பது என்று நகைப்போர் உளர். அரிசிக் கடைப் படியைச் சோதித்து முத்திரையிடுகிறதே அரசு, அதை எவரும் நகைப்பதில்லையே! படியில் செய்யும் மோசம் வயிற்றைக் காயவைக்கும். பத்திரத்தில் செய்யும் மோசம் குடும்பத்தையே சாய்த்துவிடும்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி. பத்திரம் அளித்து மூன்றாண்டு கடந்தபின் நேரும் இழப்புக்கு, விண்ணப்பத்திலே பிழை இருந்தது என்று காட்டிப் பணம் மறுக்கலாகாது. பின்னர்ச் சில மாநிலங்கள் அதை ஈராண்டாகவும் குறைத்தன.

"பொய் சொல்லிச் சேர்ந்தவனுக்கும் பணமா? அது நாணயமாகக் கட்டிய மற்றவர் பணமன்றோ?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. அதனால்தான், தெரிந்தே மோசடி செய்தவனுக்கு அந்த விதி நிழல் தரவில்லை. மறந்தவனுக்கும் அறியாதவனுக்கும் மட்டுமே தருகிறது. பிழையையும் பித்தலாட்டத்தையும் ஒரே கயிற்றில் கட்டுவது நீதியாகாது. ஆராயும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஆனால் ஆராய வேண்டிய வேளை எது? பணம் வாங்கும் வேளை! பல்லாண்டு தவணையை எண்ணி எண்ணி வாங்கியபோது மூடியிருந்த கண், நோயாளி கை நீட்டும்போது மட்டும் திறப்பதா?

இக்கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது. மருத்துவக் காப்பீட்டில் 60 மாதம் இடைவிடாது பணம் கட்டியவர் பத்திரத்தை, மெய்ப்பிக்கப்பட்ட மோசடி ஒழிய, தகவல் தரவில்லை என்ற காரணம் காட்டி மறுக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024-ல் விதித்தது. அதற்கு முன் அக்காலம் எட்டு ஆண்டு.

விதி வந்துவிட்டது, அதை அறியாதவனுக்கு அதுவும் ஒரு பொடி எழுத்தே! அவனுக்கு அதைப் படித்துக் காட்டுவது கற்றவர் கடன். மீறுவோரைத் தடுப்பது அரசின் கடன். வலியவன் எழுதி எளியவன் ஒப்பமிடும் இடத்திலே, அரசு ஒதுங்கி நிற்பது நடுநிலை அன்று. அது வலியவன் பக்கம் நிற்பதே!