யாருடைய வெள்ளிக்கிழமை?

2021 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் தன் வாரத்தை மாற்றியமைத்தது. 2022 ஜனவரி 1 முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனிக்குப் பதிலாக சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளியன்று காலை 7.30க்குத் தொடங்கும் வேலை நண்பகலில் முடியும். ஜும்ஆத் தொழுகை நாடெங்கும் 1.15 மணிக்கு என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் விட்டுக்கொடுக்காமல் மூன்று நாள் விடுமுறை அளித்தது. உலகச் சந்தைகளோடு ஒத்துப்போவது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. குடும்பத்தோடு செலவிட அதிக நேரம் கிடைக்கும் என்பது இன்னொரு காரணம்.

இது புதிய சர்ச்சை அல்ல. துருக்கி 1935லேயே ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. பாகிஸ்தானில் 1977இல் பூட்டோ வெள்ளியை விடுமுறையாக்கினார், 1997இல் நவாஸ் ஷெரிப் மீண்டும் ஞாயிறைக் கொண்டுவந்தார். அல்ஜீரியா 2009இலும் சவூதி அரேபியா 2013இலும் வியாழன்-வெள்ளியிலிருந்து வெள்ளி-சனிக்கு நகர்ந்தன. ஒவ்வொரு முறையும் மார்க்கத்துக்கும் சந்தைக்கும் இடையே எந்த நாள் என்று வழக்கு நடக்கிறது. இரு தரப்பிலும் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எந்த நாளாக இருந்தாலும் அன்று சமைக்கப்போகிறவளை யாரும் சாட்சிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையை முஸ்லிம்களின் ஓய்வு நாள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குர்ஆனின் 62ஆம் அத்தியாயம், ஜும்ஆ அழைப்பு கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறது. தொழுகை முடிந்ததும் கலைந்து போய்ப் பிழைப்பைத் தேடவும் சொல்கிறது. கடை மூடியிருக்க வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம்தான். உலகைப் படைத்த பின் இறைவன் ஏழாம் நாள் ஓய்வெடுத்தான் என்ற நம்பிக்கையும் இஸ்லாத்தில் கிடையாது. அவனுக்குக் களைப்பே ஏற்படவில்லை என்கிறது வேதம். முழு நாள் விடுமுறை என்பது நவீன அரசும் அலுவலகமும் தொழிற்சாலையும் கொண்டுவந்த ஏற்பாடு. எனக்கு இதில் வருத்தமில்லை. களைப்பு மனிதர்களுக்குரியது என்றால், ஓய்வைப் பற்றிய கேள்வியையும் மனிதர்களிடமே கேட்கலாம். யாருக்குக் களைப்பு? யாருக்கு ஓய்வு?

ஜும்ஆ பெண்களுக்குக் கடமையல்ல. போகலாம், போகாவிட்டாலும் குற்றமில்லை. இதைச் சலுகை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆண்களின் கடமையைச் சுற்றி ஒரு நாட்டின் வாரமே அமையும்போது அந்தச் சலுகை நடைமுறையில் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். ஆண்கள் குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் பூசிப் பள்ளிக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் அமீரக வீடுகளில் மஜ்பூஸும் நம் வீடுகளில் பிரியாணியும் தம்மில் இருக்கும். விடுமுறை நாள் சாப்பாடு எப்போதும் மற்ற நாள் சாப்பாட்டைவிட வேலை கூடியது. விருந்தாளிகளும் அன்றுதான் வருவார்கள்.

ரமலான் மாதத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அமீரகத்தில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அந்த மாதம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலையைச் சட்டம் குறைக்கிறது. அதே மாதத்தில் அடுப்படியின் வேலை நேரம் இரண்டு முனையிலும் நீள்கிறது: ஸஹருக்கு எல்லோருக்கும் முன்னால் எழ வேண்டும், இஃப்தாருக்குப் பின் எல்லோருக்கும் கடைசியாகப் பாத்திரம் கழுவ வேண்டும். மாதவிலக்கு நாட்களில் தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் பெண்ணுக்கு மார்க்கம் விலக்கு அளிக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு வைக்க வேண்டும், விட்ட தொழுகையைத் தொழ வேண்டியதில்லை. பெண் உடலின் நிலையை அறிந்து தரப்பட்ட விடுப்பு இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். அந்த நாட்களிலும் கஞ்சி காய்ச்சுவதிலிருந்து அவளுக்கு விலக்கில்லை. இறைவன் விட்டுக்கொடுத்ததைக் குடும்பம் விட்டுக்கொடுப்பதில்லை.

திரிகை சுற்றிச் சுற்றிக் கைகள் காய்த்துப்போன ஃபாத்திமா, போர்க்கைதிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பணியாளைத் தரும்படி தந்தையிடம் கேட்கப் போன செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நபிகள் பணியாளைத் தரவில்லை. உறங்கப் போகுமுன் ஓத வேண்டிய திக்ரைக் கற்றுக்கொடுத்தார்கள். பயான் மேடைகளில் பெண்களின் பொறுமைக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன. நபியின் மகளே வீட்டு வேலையின் வலியை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அது முறையீடாகப் பதிவாகியும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் நேரத்தில் நபிகள் வீட்டு வேலைகளைச் செய்தார்கள் என்று ஆயிஷா சொன்னதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. அது மட்டும் மேடையேறுவது அபூர்வம். சமைப்பதும் துவைப்பதும் மனைவியின் சட்டக் கடமையல்ல என்று ஷாஃபி, ஹன்பலி அறிஞர்கள் எழுதி வைத்ததை நம் நிக்காஹ் மேடைகளில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

அந்தச் செய்தியில் எளிதில் கடந்துபோய்விடும் இன்னொருவரும் இருக்கிறார். ஃபாத்திமாவின் கைகள் ஆற வேண்டுமானால், பிடிபட்டு வந்த வேறொருவர் அந்தத் திரிகையைச் சுற்றியிருக்க வேண்டும். ஒருத்தியின் ஓய்வு இன்னொருத்தியின் உழைப்பாக மாறும் இந்தக் கணக்கிலிருந்து இன்றைய வளைகுடா வீடுகளும் வெளியே வரவில்லை. அங்குள்ள தமிழர்கள் ‘கத்தாமா’ என்று அழைக்கும் வீட்டுப் பணிப்பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன். கிழக்கிலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குவைத்துக்கும் சவூதிக்கும் அமீரகத்துக்கும் போன பெண்கள் நம் உறவுகளிலும் தெருக்களிலும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு கூடுதல் நேரம் என்று ஓர் அரசு அறிவிக்கும்போது, எல்லோரும் வீட்டிலிருக்கும் அந்தக் கூடுதல் நேரம் அவளுக்குக் கூடுதல் வேலை. அவளுடைய குடும்பமோ கடலுக்கு அப்பால்.

சட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. சவூதியில் 2013 ஜூனில் மன்னரின் ஆணையால் வார விடுமுறை மாறியது. அடுத்த மாதமே வீட்டுப் பணியாளர்களுக்கான விதிகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளொன்றுக்குக் குறைந்தது 9 மணி நேர ஓய்வு என்றன அந்த விதிகள். 24இலிருந்து 9ஐக் கழித்துப் பாருங்கள். அந்த விதிகள் இருந்த காலத்தில் 15 மணி நேரம் வேலை வாங்கினாலும் விதி மீறப்படவில்லை என்றே பொருளாக இருந்தது. அதே நாட்டில் மற்றத் தொழிலாளிக்கு 8 மணி நேரம். குவைத் 2015இல் உச்சவரம்பை 12 மணி என்றது. கத்தார் 2017இல் 10 மணி என்றதோடு, வார ஓய்வு தொடர்ச்சியாக 24 மணி நேரம் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. அமீரகமும் 2017இல் வாரம் ஒரு நாள் ஓய்வைச் சட்டமாக்கியது. இவையெல்லாம் தனிச் சட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அமீரகத்தின் 1980ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வெள்ளியை வார ஓய்வு நாளாகப் பெயர் சொல்லிக் குறித்தபோது வீட்டுப் பணியாளர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டமும் அப்படித்தான். நாட்டுக்கு வெள்ளிக்கிழமை இருந்த காலத்திலும் அவளுக்கு அது இல்லை.

அமீரகச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓய்வு நாளில் வேலை செய்தால் மாற்று நாளோ பணமோ தர வேண்டும். நியாயமாகத்தான் தெரிகிறது. பல பெண்கள் பணத்தையே விரும்புவார்கள் என்று சொல்லப்படும், அதிலும் பொய்யில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், மகளின் கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு. ஒரு நாள் படுத்துக் கிடப்பதைவிட அந்த நாளின் காசு பெரிது என்று அவள் முடிவெடுத்தால், அவளுக்கு ஓய்வின் அருமையைப் போதிக்க நாம் யார்?

இந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். ஏழைப் பெண் தனக்கு எது நல்லது என்று அறியாதவள் என்ற பேச்சு எனக்கு ஒவ்வாது. ஆனால் விற்கிறேன் என்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால், விற்கமாட்டேன் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். கஃபீலின் பெயரோடு கட்டப்பட்ட விசா, அனுமதியில்லாமல் வெளியே போனால் ஓடிப்போனாள் என்று போகக்கூடிய புகார், அலமாரியில் பூட்டிவைத்த பாஸ்போர்ட். சட்டம் தடுத்தாலும் அந்தப் பூட்டு பல வீடுகளில் இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் கேட்கப்படும் ‘இந்த வெள்ளி வேலை செய்கிறாயா?’ என்பது கேள்வியா என்றே எனக்குச் சந்தேகம். மேலும், வாரத்தில் ஏழு நாளும் வேறொருவர் வீட்டில், வேறொருவர் குரலுக்குக் காதுகொடுத்து வாழ்பவளுக்கு ஓய்வு என்பது தசைகளின் தேவை மட்டுமல்ல. ஒரு நாளாவது தன் பெயரைச் சொல்லி, தன் மொழியில் கூப்பிடும் ஆட்களோடு இருப்பதற்கு விலை போடுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நாளை எங்கே கழிப்பது என்பதும் சிக்கல்தான். முதலாளி வீட்டிலேயே தங்கியிருப்பவள் தன் அறையில் படுத்திருந்தால், குழந்தை வந்து கதவைத் தட்டும். கதவில்லாத அறைகளும் உண்டு. வெளியே போனால் வெயில், டாக்ஸிக் காசு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய கட்டளை. பொது விடுமுறையின் பலனே எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைப்பதில் இருக்கிறது. துபாயில் பல ஆண்டுகளாகத் தேவாலயங்களின் பெரிய கூட்டம் வெள்ளிக்கிழமைகளில்தான், ஊரே அன்றுதான் ஓய்ந்திருந்தது என்பதால். விடுப்பு கிடைத்த பிலிப்பினோ, தமிழ், மலையாளப் பெண்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். சம்பளம் வராததையும் அடி வாங்கியதையும் முதன்முதலாகச் சொல்லிக்கொள்வது இத்தகைய இடங்களில்தான். 2022க்குப் பிறகு வழிபாடுகள் ஞாயிறுக்கு நகர்ந்தன. வெள்ளியில் விடுப்பு உள்ளவளும் ஞாயிறில் விடுப்பு உள்ளவளும் அதன்பின் சந்தித்துக்கொள்வது கடினம்.

இதில் நம் பங்கையும் பேசத்தான் வேண்டும். துபாயிலோ தோஹாவிலோ வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்கள் பலரின் சுதந்திரம் அந்த இன்னொருத்தியின் தோளில் நிற்கிறது. கணவனிடம் ‘இன்று நீ சமை’ என்று சொல்லிச் சண்டை போடுவதைவிட மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைப்பது சுலபம். சண்டை மிச்சமாகிறது, வீட்டில் அமைதி நிலவுகிறது, கணவனுடைய வெள்ளிக்கிழமைக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. பிறகு அவளுக்கு விடுப்பு கொடுக்கும் முறை வரும்போது, ‘நான் மட்டும் எப்படிச் சமாளிப்பேன்’ என்று திண்டாடுவது அந்த வீட்டுப் பெண்தான். பணிப்பெண்ணின் விடுப்பை மறுக்கும் வேலையும் இப்படிப் பெண்ணின் தலையில் விழுகிறது. கெட்ட பெயரும் அவளுக்கே.

அதனால்தான் கத்தார் சட்டத்தில் உள்ள ‘தொடர்ச்சியாக 24 மணி நேரம்’ என்ற சொற்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டு வேலை குறித்த 2011ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. காலைப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போய், மாலை தேநீருக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் விடுப்பு நாள். 24 மணி நேரம் என்று கணக்கிட்டால் அதற்குள் ஓர் இரவு வரும், அவள் தூங்குவதற்கு வேறோர் இடம் வேண்டியிருக்கும். மூன்று வேளைச் சாப்பாடும் வரும். ஜும்ஆ முடிந்து 2 மணிக்குப் பள்ளியிலிருந்து பசியோடு திரும்புகிறவர், அன்று அடுப்பு மூட்டப்படாத வீட்டுக்குள் நுழைவார். அவரும் அவர் மனைவியும் அந்த மதியம் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறது.