உறக்கத்தை விற்கலாமா?

"அவனே சம்மதித்து ஓட்டுகின்றான், இடையில் நுழைந்து தடுக்கச் சட்டத்துக்கு என்ன உரிமை?" என்று லாரித் தொழில் நடத்துவோர் சிலர் கேட்கின்றனர். எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று இது. ஓட்டுநர்களிற் பலரும் இதனையே வேறு விதமாய்க் கேட்கின்றார்கள். "உடலில் வலு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும் இருக்கிறது. இன்னும் ஒரு நடை போனால் யாருக்கு நட்டம்?" என்பது அவர்கள் வாதம். உழைப்பை விற்கலாம் என்று ஒப்புக்கொண்ட உலகம், உறக்கத்தை விற்கலாகாது என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்கின்றது?

முதலில் சட்டம் சொல்வது யாதெனப் பார்ப்போம். மலேசியாவின் 1955-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி நாளொன்றுக்கு வேலை 8 மணி. ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தவனுக்கு அரை மணியாவது ஓய்வு தரப்படல் வேண்டும். மிகை வேலையுஞ் சேர்த்து 12 மணிக்கு மேற்படலாகாது. வாரத்துக்கு 48 மணி என்றிருந்ததை 2023 ஜனவரி முதல் 45 ஆகக் குறைத்தனர். சரக்கோ பயணிகளோ ஏற்றும் மோட்டார் வாகனத்தை ஓட்டுவோர் இச்சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே குறிக்கப்பட்டுள்ளனர். இவற்றையெல்லாம் விட நம் கவனத்துக்குரியது, "வேலை நேரம்" என்பதற்கு அச்சட்டம் கூறும் பொருள். ஒருவன் முதலாளியின் ஆணைக்குட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பம்போல் ஆள இயலாதிருக்கும் காலம் முழுவதும் வேலை நேரமே என்கின்றது அது.

இப்பொருளை மனத்திற்கொண்டு கிள்ளான் துறைமுகத்துக்கு வருவோம். 1901-ல் சுவிட்டன்ஹாம் துறைமுகம் என்று திறக்கப்பட்டு, 1972-ல் இன்றைய பெயர் பெற்ற இடம் இது. 2023-ல் மட்டும் 1 கோடியே 40 லட்சம் கொள்கலன் அளவுக்குச் சரக்கு இங்கே கையாளப்பட்டது. ஓர் ஓட்டுநர் காலை 6 மணிக்கு வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஏறும்போது மணி 10. ஈப்போவை அடைய 4 மணி நேரம். அங்கே இறக்குவதற்கு மாலை 6 வரை காத்திருப்பு. திரும்பி வந்து சேர இரவு 10. ஓட்டியது 8 மணி நேரந்தான் என்பார் முதலாளி, அது பொய்யன்று. ஆனால் அம்மனிதர் பிறர் ஆணைக்குக் கட்டுண்டிருந்ததோ 16 மணி நேரம். கூலி எவ்வளவு? நடைக்கு இவ்வளவு என்று பேசியிருப்பின், காத்திருந்த 8 மணிக்கும் ஒரு காசில்லை. அந்த நட்டத்தை ஈடுசெய்ய மறுநாள் விடியுமுன் இன்னொரு நடைக்கு அவர் "சம்மதிக்கிறார்".

சம்மதம் பிறக்கும் இடம் இதுதான். காத்திருப்பின் நட்டத்தை முழுவதும் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டுப் பின்னர் அவன் தன் விருப்பத்தால் விழித்திருக்கிறான் என்று கூறுவது நேர்மையாகுமா?

"ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள்" என்னும் வாதம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தஞ் செய்தபோது வைத்த கோரிக்கைகளை இன்றும் படிக்கலாம். சம ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்காதிருக்கும் உரிமை. இவற்றோடு, 10 முதல் 12 மணி நேரம் வரை நீண்ட வேலை நாளை ஒழித்தல் என்பதும் ஒன்று. நேரத்தைக் குறைக்கக் கேட்டதும் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்ததும் ஒரே தாளில் நின்றது தற்செயலன்று என்பது நம் எண்ணம். தன் நாள் தனக்குரியதன்று என்றான பின் ஒருவனுக்கு மானம் எங்கிருந்து வரும்? துருப்புகள் வந்தன, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அத்தோட்டங்களுள் பல இன்று வீட்டு வரிசைகளாகிவிட்டன. பெரட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுள் எத்தனையோ பேர் இன்று சக்கரத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

உறக்கத்துக்கு வேறொரு தன்மையும் உண்டு. மூட்டை சுமப்பவன் தன் தோள் தாங்காது என்பதைத் தோளாலேயே அறிகிறான். அயர்ந்தவனுக்கோ, தன் அயர்வை அளக்கவேண்டிய அறிவே மங்கிப்போகின்றது. "எனக்கொன்றுமில்லை" என்று அவன் சொல்லும் வேளையே ஐயத்துக்குரிய வேளை. அன்றியும் சாலை அவனுக்கும் முதலாளிக்கும் மட்டும் உரியதன்று. 2025 மே 13-ல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லாரி மோதிக் கலகத் தடுப்புப் படையினர் 9 பேர் மாண்டனர். அடுத்த மாதம் 9-ந் தேதி கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். இவற்றுக்கு அயர்வே காரணம் என்று நாம் சொல்லவில்லை. இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம், கையொப்பமிடாத மூன்றாமவர் உயிரைத் தொடும் இடம் சாலை என்பதையே சுட்டுகிறோம்.

அப்படியாயின் ஓட்டுநரைப் பிடித்து அபராதம் போட்டால் போதுமா? எளிதான வழிதான்; பயன் சிறிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ம் ஆண்டு விதி, நாலரை மணி ஓட்டியவன் முக்கால் மணி இளைப்பாற வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. சாலைப் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் வகையில், கடந்த தூரத்துக்கோ ஏற்றிய சரக்கின் அளவுக்கோ கூலி தருதலாகாது என்றது. சரக்கை அனுப்புவோரும் தாம் பேசும் நேர அட்டவணை அவ்விதிக்கு ஒத்ததென உறுதி செய்யவேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவிலும் கனரக வாகனச் சட்டம் 2014 முதல் அனுப்புவோர், ஏற்றுவோர், நேரங் குறிப்போர் ஆகிய அனைவரையும் பொறுப்பாளிகளாக்கியிருக்கின்றது.

இங்கே ஒரு சங்கடம். இரண்டொரு லாரி வைத்திருக்கும் சிறு முதலாளியும் நசுக்கப்படுபவரே. தம் லாரியைத் தாமே ஓட்டுவோரோ, தொழிலாளி அல்லர் என்பதால் வேலைவாய்ப்புச் சட்டத்தின் நிழலுக்கே புறம்பானவர். இவர்களைத் திட்டுவதால் ஒன்றும் நேராது. பொய்க் கணக்கெழுதும் ஓட்டுநரை நாம் போற்றவுமில்லை. ஆனால் தனியொருவனாய் "மாட்டேன்" என்பவன் மறுநாள் நடையை இழக்கிறான். சங்கமாய்ச் சொன்னால் அச்சொல்லுக்கு வேறு எடை.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் தீபாவளிச் சரக்கு விடியுமுன் வேண்டும் என்கிறார். நாமும் காலையில் கடை நிறைந்திருக்க விரும்புகிறோம். அவ்விருப்பத்தின் விலையை யார் தருவது? சரக்குச் சீட்டில் இரண்டு கட்டங்கள் கூட்டினால் தொடங்கலாம்: லாரி வாயிலுக்கு வந்த நேரம், சரக்கு இறங்கி முடிந்த நேரம். சரக்குக்குரியவர் அதிற் கையொப்பமிடட்டும். இடைப்பட்ட மணிகளுக்குரிய கூலி அவர் கணக்கில் ஏறட்டும். 4 மணி காக்கவைத்ததற்குப் பணங் கொடுக்க நேர்ந்தவர், அடுத்த முறை ஆளனுப்பி அரை மணியில் இறக்கிக்கொள்வார்.