தொலைந்த பத்திரமும் தொலையாத உரிமையும்

பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தொலைத்துவிட்ட ஒருவர் உண்மையில் எதனைத் தொலைத்துவிட்டார்? இவ்வினாவுக்குச் சட்டப் புத்தகம் ஒரு விடை கூறும். கந்தோர் மேசை வேறொரு விடை கூறும். சட்டப் புத்தகத்தின்படி அவர் இழந்தது ஒரு சான்றை மாத்திரமே. உரிமை அரசாங்கத்தின் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றது. மேசையின் முன்னால் நிற்பவருக்கோ நிலைமை அவ்வாறு தோன்றுவதில்லை. பத்திரம் கையிலிருந்தவரை பிரஜையாக இருந்தவர், அது தொலைந்த நாள் தொட்டு, தாம் பிரஜை என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஆளாகிவிடுகிறார். சொல்லிக்கொள்பவரை நம்பவேண்டும் என்ற நியதி எந்தக் கந்தோரிலும் இல்லை. தொலைத்தவர் பிறநாட்டில் வாழ்பவராயின் இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரம் பின்னும் விரிந்துவிடுகின்றது.

இது வெறும் தர்க்க விநோதமன்று. தமிழ்நாட்டிலுள்ள நூற்றுக்கும் அதிகமான முகாம்களில் இலங்கையைச் சேர்ந்த ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னமும் வாழ்கின்றனர். அவர்களுள் கணிசமான தொகையினர் மலையகத்தை மூலமாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு இவ்வினா அன்றாட வாழ்வின் வினா.

நம்மிற் பெரும்பாலோர் பிரஜாவுரிமைப் பத்திரம் என்பதைக் கண்ணாற் கண்டதே இல்லை. நமக்கு அது தேவைப்படவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் போதுமாயிருந்தன. அவை தொலைந்தாலும் கிராம சேவகரின் கையெழுத்து ஒன்று காரியத்தைத் தொடக்கி வைத்துவிடும். சட்டம் நம்மைப் பரம்பரைப் பிரஜைகள் என்கின்றது. தமது உரிமையைத் தனித்தாளொன்றில் எழுதுவித்து, முத்திரையிடுவித்து, தகரப் பெட்டிக்குள் வைத்துக் காத்துவரவேண்டிய கடன் பதிவுப் பிரஜைகளுக்கே விதிக்கப்பட்டது. ஆகவே, தொலைத்தல் என்ற குற்றத்தைச் செய்யும் வாய்ப்பும் அவர்களுக்கே உரியதாயிற்று.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இந்நாட்டிற் பிறந்தது போதாது. அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என அது விதித்தது. இந்நாட்டிற் பிறப்புப் பதிவு கட்டாயமானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். அவ்வாறாயின் பூட்டனின் பிறப்பை எவர் நிரூபிப்பார்? அக்கேள்வி யாழ்ப்பாணத்து ஆசிரியரிடமோ மாத்தறை விவசாயியிடமோ கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டிருப்பின் அதனைச் சட்டமாக்கிய கனவான்களுட் சிலரே தடுமாறியிருப்பர். லயத்துத் தொழிலாளியிடம் மாத்திரமே அது கேட்கப்பட்டது. அச்சட்டம் அமுலுக்கு வந்து இருபத்தைந்தாம் நாள், 1948 டிசம்பர் 10ஆந் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய உரிமை உண்டு என்பது அதன் 15ஆம் பிரிவு. (இலங்கை அப்போது அச்சபையின் உறுப்பு நாடன்று, 1955இலேயே சேர்ந்துகொண்டது.)

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் விவாகமானவர் ஏழு ஆண்டும், விவாகமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்தமையைக் காட்டவேண்டும். 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதிக்குள் விண்ணப்பிக்கவேண்டும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பங்களில் உள்ளடங்கினர். இறுதியில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஊருக்கு ஒருதரம் போய்வந்ததும், பெயரில் ஓரெழுத்து மாறியதும் மறுப்புக்குப் போதிய காரணங்களாயின. தப்பிப் பிழைத்த அச்சிறு தொகையினரிடமே பத்திரம் கொடுக்கப்பட்டது.

அப்பத்திரம் பெற்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். நாம் கூறப்போவது தனியொருவரின் சரித்திரமன்று. பலருடைய வாழ்க்கை நடந்த பாதை அது. தந்தை கொழுந்து மலையில் வேலைசெய்தவர். ஐம்பதுகளின் நடுவில் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படுகின்றது. மனைவியினதும் சிறு பிள்ளைகளினதும் பெயர்கள் அவருடைய பத்திரத்திலேயே சேர்க்கப்படுகின்றன. அப்பிள்ளைகளுள் ஒருத்தி மீனாட்சி. அவளுக்கென்று தனிப் பத்திரம் இல்லை. 1977ஆம் ஆண்டின் வன்செயலில் லயம் எரிகின்றது. குடும்பம் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறுகின்றது. 1990இல் மீண்டும் யுத்தம் மூளுகின்றது. மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்துகொள்கிறார்கள். இப்பயணங்களுக்கிடையே எங்கோ ஓரிடத்தில் பத்திரம் போய்விட்டது. தந்தையும் போய்விட்டார்.

இன்று மீனாட்சி எழுபதைக் கடந்த கிழவி. ஊருக்குத் திரும்பவேண்டும் என்கிறாள். அவளுடைய பத்திரம் தொலைந்ததனால் பிள்ளைகளின் காரியமும் தடைப்பட்டு நிற்கின்றது. ஏனெனில் வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாகப் பதியப்படுவதற்குப் பெற்றோரின் பிரஜாவுரிமை காட்டப்படவேண்டும். அதிலும் 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரும்வரை தாயின் பிரஜாவுரிமை கணக்கில் எடுக்கப்படவில்லை, தந்தையினதே செல்லும். சிறுமியாக இருந்தபோது தந்தையின் தாளிலும், மணமான பின் கணவனின் தாளிலும் தன்னைத் தேடவேண்டியவளாகப் பெண்ணைச் சட்டம் வைத்திருந்தது. இது தனியே எழுதப்படவேண்டிய விடயம்.

அவள் என்ன செய்யவேண்டும்? பத்திரம் தொலைந்தமைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, எங்கு, எவ்வாறு தொலைந்தது என்று கூறும் சத்தியக் கடதாசி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், தொலைந்ததன் இலக்கம் அல்லது நிழற்பிரதி ஆகியவையே பொதுவாகக் கேட்கப்படுவன. இவற்றைச் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகர் காரியாலயத்தின் மூலம் கொழும்புக்கு அனுப்பவேண்டும்.

ஒவ்வொன்றையும் அவளுடைய இடத்தில் நின்று பார்க்கவேண்டும். முறைப்பாட்டை ஏற்கவேண்டிய பொலிஸார், அவளைக் கடவுச்சீட்டின்றி வந்திறங்கியவள் என்று பதிந்து வைத்திருக்கும் அரசின் பொலிஸார். 2019இல் இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி அயல்நாட்டு அகதிகள் சிலருக்கு வழிதிறந்தபோது இலங்கையர் அதில் சேர்க்கப்படவில்லை. முகாமை விட்டு வெளியூர் செல்வதற்கே அனுமதி பெறவேண்டிய ஒருத்தி சென்னைக்கு எத்தனை தடவை போய்வருவாள்? பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பெறுவதாயின் அவள் பிறந்த தோட்டம் சேர்ந்த மாவட்டத்தின் கச்சேரியில் எவரேனும் தேடவேண்டும். தோட்டத்துப் பிறப்புகளை அறிவித்தவன் துரை. ஆங்கிலக் காதுக்கு எட்டியவாறு பெயர்கள் பதிவேட்டில் ஏறின. அங்கே அவள் 'மீனாச்சி'. முகாம் பதிவில் 'மீனாட்சி'. தந்தை ஓரிடத்தில் ராமன், மற்றோரிடத்தில் ராமையா. தேடியும் பதிவு அகப்படாவிடில் உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று பெறலாம். ஆனால் உத்தேச வயதை வைத்துக்கொண்டு உத்தேசப் பிரஜையாக முடியாது. பத்திரத்தின் இலக்கத்தை அவள் அறிந்திருந்தால், அவளுக்கு இத்துணை துன்பமே இல்லை.

இதே தமிழ்மொழி பேசும் வைத்தியர் ஒருவர் லண்டனில் இருந்துகொண்டு தமது இரட்டைப் பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நிழற்பிரதி உண்டு. கொழும்பில் ஒரு சட்டத்தரணி உண்டு. கட்டணம் செலுத்தப் பணமும் உண்டு. அவருக்கு இது சில மாதத்துத் தொல்லை. சட்டத்தின் எழுத்து இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வர்க்கம் என்பது சட்டத்தின் எழுத்தில் இல்லாவிடினும், அதனை நிறைவேற்றும் வழியில் எவ்வாறு குடிகொண்டிருக்கின்றது என்பதற்கு இதனைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

இங்கு உத்தியோகத்தரின் வாதத்தையும் கேட்பது நியாயம். பொய் விண்ணப்பங்கள் வருகின்றன. ஒருவரின் பெயரில் இன்னொருவர் பத்திரம் பெற முனைகிறார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் பத்திரத்துக்கே மதிப்பில்லாது போய்விடும் என்பார் அவர். இது முற்றிலும் பொய்யான வாதமன்று. ஆயினும் ஒரு கணக்கை அவரிடம் கேட்கவேண்டியிருக்கிறது. பதிவேடு அரசாங்கத்திடம் உள்ளது. பிரஜை கையில் வைத்திருந்தது அதிலிருந்து பெற்ற ஒரு தாள். அத்தாளைத் தொலைத்தவருக்குத் தண்டனை உண்டு: அலைச்சல், செலவு, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. யுத்தத்தில் வடக்குக் கிழக்கிலே பதிவேடுகள் பல எரிந்தும் சிதைந்தும் போயின. அங்கே தொலைத்தது யார்? அரசாங்கம். அதற்குரிய தண்டனையை அனுபவித்தது யார்? அதே பிரஜை. பதிவேட்டில் காணவில்லை, நீரே நிரூபியும் என்று அவருக்கே கடிதம் வருகின்றது. எவர் தொலைத்தாலும் சுமை ஒருவர் தலையிலேயே வந்து விழுமாயின், அங்கு நடப்பது மோசடியைத் தடுக்கும் எச்சரிக்கை என்று நம்மால் ஏற்க முடியவில்லை. அது முன்னரே செய்யப்பட்ட சந்தேகம்.

அச்சந்தேகத்துக்கு ஒரு பெயரும் இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வாழ்ந்த எவரும் 'கள்ளத்தோணி' என்ற வார்த்தையை மறந்திருக்கமாட்டார்கள். தோணியில் வந்தவர் என்று ஏசப்பட்டவரின் பேர்த்தி தோணியிலேயே நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது. போன கரையில் அவளுக்குச் 'சிலோன்காரி' என்று பெயர். இங்கே இந்தியத் தமிழ்ச்சி, அங்கே சிலோன்காரி.

சட்டமே இச்சந்தேகத்துக்குத் துணைநின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுப் பிரஜை ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வெளிநாட்டில் வசித்தால் பிரஜாவுரிமையை இழக்கலாம். பரம்பரைப் பிரஜை ஐம்பது ஆண்டு வசித்தாலும் அவ்வாறு இழப்பதில்லை. உயிருக்கு அஞ்சி ஓடியதும் வசித்தல்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது. 2003ஆம் ஆண்டின் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையிலே வசித்து வந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையுமே நோக்கிற்று. முகாம்களில் இருந்தோர் அதன் பயனைப் பெறுவதற்கு 2009இல் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது.

அந்த 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி என்னும்போது நம் பக்கத்துக் கணக்கையும் எழுதியே ஆகவேண்டும். 1948இல் இடதுசாரிக் கட்சிகள் இச்சட்டத்தை எதிர்த்து நின்றன. அது அவற்றின் பெருமை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை 5,25,000 என்றும் 3,00,000 என்றும், மீதிப் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றும் பிரித்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்திலிருந்து அந்த அமைச்சரவையில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் அமர்ந்திருந்தனர். தமிழர் தலைமைகளின் கணக்கும் சுத்தமானதன்று. தமிழ்க் காங்கிரஸின் தலைவர் 1948லேயே அவ்வரசாங்கத்தில் அமைச்சராகிவிட்டார். மலையகத்தாரின் பத்திரம் நமது மேடைகளில் முதலாவது தீர்மானமாக எப்போதேனும் இருந்ததா? நாம் படிப்பிக்கும் பாடசாலைகளில் தோட்டத்துப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழை கண்டு, திருத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியவர்களுள் ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம்.

வேறு வழி இல்லை என்று எவரும் கூறமுடியாது. 1988ஆம் ஆண்டின் சட்டம் சத்தியக் கடதாசியை ஏற்றுக்கொண்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், சமாதான நீதவான் கையெழுத்திட்ட பிரகடனத்துடன், பிரஜாவுரிமை நடமாடும் சேவைகளாகத் தோட்டங்களுக்கே போயிற்று. பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பத்திரம் பெற்றனர் என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தானிகராலயம் அறிவித்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நிரூபிக்க முடியாதிருந்த ஒன்று பத்து நாட்களில் எவ்வாறு நிரூபணமாயிற்று? மனிதர் மாறவில்லை, பூட்டன்மார் புதிதாகப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் அனுப்பவுமில்லை. நம்பவேண்டும் என்று முடிவுசெய்யப்பட்டது, அவ்வளவே. கேட்பவர் சொல்வதை முதலில் ஏற்று, பொய்யென்று காட்டும் பொறுப்பை அரசாங்கம் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. நாடு அதனால் மூழ்கிவிடவில்லை.

அன்று லயத்தின் வாசலுக்குப் போன மேசை, மண்டபத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் பவானிசாகருக்கும் போகமுடியாதா? ஐம்பதுகளின் பதிவேடுகள் கொழும்பிலே இருக்கின்றன. மீனாட்சி என்றும் மீனாச்சி என்றும், ராமன் என்றும் ராமையா என்றும் தேடவேண்டியது சம்பளம் பெறும் உத்தியோகத்தரின் வேலை. அவள் தன் பங்குக்குத் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் தந்தையின் பெயரையும் சொல்லுவாள். எந்தக் கங்காணியின் பேர்டாப்பில் பெயர் இருந்தது என்பதையும் சொல்லுவாள். லயத்துக்கு அடுத்திருந்த கோயிலில் எந்த மாதம் திருவிழா என்பதையும் கேட்டாற் சொல்லுவாள். இவற்றையெல்லாம் வினவுவதற்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடம் கிடையாது.

இப்போது அவளுக்கு முன்னால் இருப்பது சத்தியக் கடதாசி. பத்திரம் எங்கு, எவ்வாறு தொலைந்தது என்று அதில் எழுதவேண்டும். 1977இல் எரிந்த லயத்தையா, 1990இல் நனைந்த வள்ளத்தையா, எதை எழுதுவது என்று முகாமிற் படிக்கும் பேரனிடம் அவள் கேட்கிறாள். அவன் இரண்டையும் எழுதுகிறான். தாள் போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதுகிறான்.