பிள்ளை இல்லா வீடும் பிறர் பெற்ற பிள்ளையும்

 

பிள்ளைச் செல்வத்தைக் கொடுப்பவனும் அல்லாஹ். கொடுக்காமல் வைப்பவனும் அல்லாஹ். நாடியவருக்குப் பெண் மக்களையும், நாடியவருக்கு ஆண் மக்களையும், நாடியவருக்கு இரண்டையும் தருவதாகவும், நாடியவரைப் பிள்ளையற்றவராக வைப்பதாகவும் திருமறையின் 42ஆம் அத்தியாயத்தில் அவன் அறிவிக்கிறான். ஆகவே பிள்ளையின்மை குற்றமல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சகோதரி மகனின் பெயரைக் கொண்டு ‘உம்மு அப்துல்லாஹ்’ என்று அழைக்கப்பட்டார்கள்; தகப்பனை இழந்த சகோதரர் மகன் காஸிமை வளர்த்து மதீனாவின் பெரும் மார்க்க மேதையாக்கினார்கள். அப்படியிருக்க, நம் வீடுகளில் மருமகளை மட்டும் ‘மலடி’ என்று குத்திப் பேசுகிறோமே, இது எந்த மார்க்கம்? குறை ஆணிடத்திலும் இருக்கலாம் என்பது இன்று வைத்தியம் அறிந்த உண்மை.

வைத்தியம் பார்த்தும் பலிக்காத தம்பதியர், குறிப்பாக வெளிநாடுகளில் குடியேறியவர்கள், வேறொரு நாட்டுக் குழந்தையை எடுத்து வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வளர்க்கலாம். யதீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை, நாயகம் (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி விளக்கினார்கள். ஆனால் வளர்ப்பது வேறு. வம்சத்தை மாற்றுவது வேறு. முன்னது பெரும் நன்மை, பின்னது ஹராம்.

ஸைத் (ரலி) அவர்களை மக்கள் ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்றே அழைத்து வந்தனர். திருமறையின் 33ஆம் அத்தியாயத்தில் கட்டளை இறங்கியதும் அவர் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா’ ஆனார். பெயர் மாறியது, பாசம் மாறியதா? இல்லை. முஃத்தா போருக்குப் படைத்தலைவராக அவரையே அண்ணலார் அனுப்பினார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஸாலிம் (ரலி) அவர்களையோ அபூ ஹுதைஃபா (ரலி) மகனாக வளர்த்தார். தகப்பன் பெயர் தெரியாததால், அந்தக் கட்டளைக்குப் பின் ‘அபூ ஹுதைஃபாவின் மவ்லா’ என்று அழைக்கப்பட்டார். குர்ஆனை நால்வரிடம் கற்றுக் கொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொன்னபோது, அந்நால்வரில் இந்த அந்நிய நாட்டுப் பிள்ளையும் ஒருவர்!

வம்சத்தை மறைப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போருக்கு உலகமே பதில் சொல்கிறது. இலங்கை, பங்களாதேஷ், இந்தோனேஷியா முதலிய நாடுகளிலிருந்து நெதர்லாந்துக்குச் சுவீகாரம் கொண்டு செல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றி அந்நாட்டு அரசு அமைத்த குழு 2021இல் அறிக்கை தந்தது. பொய்த் தாள்களும் முறைகேடுகளும் நடந்தது அதில் வெளிப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டியும் பெற்ற தாயைத் தேடி ஊர் ஊராக அலைவோர் இருக்கின்றனர். பிள்ளையின் வேரை அழிப்பது பிள்ளைக்கே செய்யும் அநியாயம் அல்லவா? ஆகவே, குழந்தை உண்மையிலேயே ஆதரவற்றதா, வறுமையைப் பயன்படுத்தித் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டதா என்று தீர விசாரியுங்கள். பணம் கைமாறும் இடத்தில் நன்மையைத் தேடாதீர்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலாவது, பெயர். பெற்ற தகப்பன் தெரிந்தால் அவர் பெயரையே சேருங்கள். சட்டத் தாளில் உங்கள் பெயர் ஏறினாலும் அல்லாஹ்விடத்தில் வம்சம் மாறாது. பழைய தாள்களைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, மஹ்ரம். இரண்டு வயதுக்குள் பால் கொடுத்தால் பால்குடி உறவு ஏற்படும்; ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை, ஹனஃபி மத்ஹபில் ஒரு தடவை போதும். பெண் குழந்தைக்குக் கணவனின் சகோதரி பால் கொடுத்தால் கணவன் அதற்குத் தாய்மாமன். ஆண் குழந்தைக்கு மனைவியின் சகோதரி கொடுத்தால் மனைவி அதற்குப் பெரியம்மாவோ சின்னம்மாவோ ஆவாள். பின்னாளில் ஒரே வீட்டில் பர்தாச் சங்கடம் இராது. இதை ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுச் செய்யுங்கள். வயது கடந்தபின் வருந்திப் பயனில்லை.

மூன்றாவது, சொத்து. வளர்ப்புப் பிள்ளை வாரிசாகாது. அதனால் தெருவில் விடுவதா? கூடாது! உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துக் கைவசம் ஒப்படைக்கலாம்; மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தும் எழுதலாம்.

நான்காவது, சட்டம். மொராக்கோ 2002இல் ‘கஃபாலா’ என்ற பொறுப்பேற்புக்குத் தனிச்சட்டம் இயற்றியது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் அதை ஏற்கிறது. ஆனால் எல்லா நாடுகளும் இதைச் சுவீகாரத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. இந்தக் காரணத்தால் 2013இல் கனடா, பாகிஸ்தானிலிருந்து குழந்தைகளை எடுத்து வருவதை நிறுத்தியது. ஆகையால் குழந்தையின் நாட்டுச் சட்டம், நீங்கள் வாழும் நாட்டுச் சட்டம் இரண்டையும் முதலில் விசாரியுங்கள். குழந்தையை மடியில் வாங்கிய பிறகு விசா கிடைக்காமல் திண்டாட வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளையிடம் உண்மையைச் சிறு வயதிலேயே, அன்போடு சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் வாய்தவறிச் சொல்லி அது உடைந்து போவதை விட, உம்மாவின் மடியில் கேட்பது எவ்வளவோ மேல். ‘நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை, அல்லாஹ் எங்களிடம் ஒப்படைத்த அமானிதம் நீ’ என்று சொல்லிப் பாருங்கள். அமானிதத்தை எவரும் அற்பமாக நினைக்கமாட்டார்.

பிள்ளையில்லா வீடுகளுக்கு அல்லாஹ் பொறுமையையும், ஆதரவற்ற குழந்தைகளுக்கு நல்ல மடியையும் தந்தருள்வானாக! ஆமீன்.